கல்லைப் பேச வைத்த புரூஸ் ஃபூட்

நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் கொல்லிமலைக்குப் பாதை போகிறது. 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் மலை ஊர்கள் வரும்.

அங்கே சில கோவில்களில் வழவழப்பான சிறு கற்களைச் சாமியோடு வைத்துக் கும்பிடுகிறார்கள். அவை சாதாரணக் கற்கள் அல்ல. கோடரிகள்! இரும்பை அறியாத காலத்து மக்கள் செய்த கற்கோடரிகள்.

அந்த மக்கள் யார்? எப்படி வாழ்ந்தார்கள்? இதை அறியவே தம் வாழ்நாளில் பெரும் பகுதியைச் செலவிட்டார் ஒரு வெள்ளைக்காரர். அவர் பெயர் ராபர்ட் புரூஸ் ஃபூட்.

பெர்சிவலின் மருமகன்

ஃபூட் 1834-ம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். 24-வது வயதில் சென்னைக்கு வந்தார். அரசாங்கத்தின் நிலவியல் ஆய்வுத் துறையில் அவருக்கு வேலை. எந்த ஊரில் என்ன பாறை, என்ன மண் என்று பார்த்து எழுத வேண்டும்.

தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்த பெர்சிவல் பாதிரியாரின் மகளை அவர் மணந்தார்.

பல்லாவரத்தில் ஒரு கல்

பிரான்சு நாட்டில் ஆற்றங்கரைச் சரளையில் கற்கருவிகள் கிடைத்தன. அவை மிகப் பழைய மனிதன் செய்தவை என்று 1859-ல் அறிஞர்கள் ஒப்புக்கொண்டார்கள். இந்தச் செய்தி ஃபூட்டின் மனத்தில் பதிந்தது. இங்கும் இருக்குமோ என்று தேடினார்.

1863-ம் ஆண்டு மே 30-ந் தேதி. சென்னையை அடுத்த பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழி. அதில் கிடந்த ஒரு கல்லை ஃபூட் எடுத்தார். அது கைக்கோடரி!

அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங் என்ற நண்பருடன் போனார். திருவள்ளூர்ப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் இன்னும் பல கருவிகள் அகப்பட்டன.

மனிதன் கையா? ஆற்று நீரா?

கல் தானாகவும் உடையும். ஆற்றில் உருண்டும் உடையும். மனிதன் உடைத்தது என்று எப்படிச் சொல்வது?

கல்லின் ஓரத்தில் இன்னொரு கல்லால் அடித்தால் ஒரு சில்லு தெறிக்கும். அந்த இடத்தில் சிப்பி போல் பள்ளம் விழும். கல்லைத் திருப்பி மறுபக்கம் அடித்தால், இரண்டு பள்ளங்களும் சேரும் இடத்தில் கூர்மை உண்டாகும். இப்படியே சுற்றி அடித்தால் கருவி ரெடி. ஆற்று நீருக்கு இந்த ஒழுங்கு தெரியாது. இது யோசித்துச் செய்கிற வேலை.

வேட்டையும் உழவும்

கருவி மாறினால் வாழ்க்கை மாறியது என்று பொருள். கைக்கோடரி வைத்திருந்தவன் வேட்டையாடி, கிழங்கு தோண்டிப் பிழைத்தான்.

தூத்துக்குடிப் பக்கம் தேரி மணலில் விரல் நுனி அளவே உள்ள கற்கருவிகள் கிடைத்தன. கம்பின் நுனியில் பொருத்தினால் அம்பு. எட்ட நின்று அடிக்க மனிதன் கற்றுக்கொண்டான்.

கொல்லிமலை, சேர்வராயன் மலைக் கோடரிகள் வேறு வகை. அம்மி கொத்துவது போல் கொத்தி, பிறகு தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கியவை. காட்டைத் திருத்திப் பயிர் செய்த மக்களின் கருவி இது.

ஊரை எழுதி வைத்தார்

கல்லைப் பொறுக்க யாராலும் முடியும். ஃபூட் அதோடு நிற்கவில்லை. எந்த ஊரில், எந்த இடத்தில் கிடைத்தது என்று குறித்து வைத்தார். இடம் தெரியாத கல் ஊமைக் கல் ஆகிவிடும்.

அவர் சேர்த்த கருவிகளை 1904-ல் சென்னை அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது.

ஓய்வு பெற்றபின் ஏற்காட்டில் குடியேறினார். 1912-ம் ஆண்டு டிசம்பர் 29-ந் தேதி கல்கத்தாவில் காலமானார். அவருடைய பெரிய அட்டவணை நூல்கள் 1914-லும் 1916-லும் வெளிவந்தன. அச்சில் பார்க்க அவர் இல்லை.

ஆனால் உழைப்பு வீண் போகவில்லை. அவர் காட்டிய அத்திரம்பாக்கத்தில் பிற்காலத்தில் சாந்தி பப்பு குழுவினர் அகழ்ந்தார்கள். அங்குள்ள பழைய கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011-ல் அறிவித்தார்கள். ஃபூட் கூட இவ்வளவு என்று கணக்கிட வழி இல்லை!

வயலிலோ ஓடையிலோ இப்படி ஒரு கல் கண்ணில் பட்டால் தூர எறிய வேண்டாம். கிடைத்த இடத்தை எழுதி வைத்து, தொல்லியல் துறைக்குத் தெரிவித்தால் போதும். அந்தக் கல் பேசும்.