1,000 ஆய்வுக் கட்டுரை, 150 பிஎச்டி மாணவர்கள்: கோவையில் மண்ணை ஆராய்ந்த டி.ஆர். சேஷாத்ரி யார்?

ஒரு பேராசிரியர் எவ்வளவு பெரிய ஆராய்ச்சியாளர்னு இப்போ எப்படி அளக்கிறாங்க? எத்தனை கட்டுரை, எத்தனை சைட்டேஷன், எச்-இண்டெக்ஸ் எவ்வளவு. கோவை கல்லூரிகளின் விளம்பரத்திலும் இந்த எண்கள்தான் முன்னால் நிற்கின்றன. ஆனா இந்தக் கணக்கெல்லாம் வருவதற்கு முன்பே ஆயிரம் கட்டுரைகளைத் தாண்டிய ஒரு தமிழர் இருந்தார். அவர்தான் கரிம வேதியியலாளர் டி.ஆர். சேஷாத்ரி.

குளித்தலை டூ மான்செஸ்டர்

இன்றைய கரூர் மாவட்டம் குளித்தலையில் 1900 பிப்ரவரி 3 அன்று பிறந்தவர் சேஷாத்ரி. ஸ்ரீரங்கம், திருச்சியில் பள்ளிப் படிப்பு, சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல். 1927-ல் இங்கிலாந்து போய், மான்செஸ்டரில் ராபர்ட் ராபின்சனிடம் ஆராய்ச்சி செய்து பிஎச்டி முடித்தார். அந்த ராபின்சன்தான் பின்னர் 1947-ல் நோபல் பரிசு பெற்றவர்.

பிறகு ஆஸ்திரியாவில் ஃபிரிட்ஸ் பிரெகல் ஆய்வகத்தில் நுண் பகுப்பாய்வு கற்றுக்கொண்டார். சில மில்லிகிராம் பொருள் கிடைத்தால்கூட அதில் என்னென்ன தனிமம் எவ்வளவு இருக்குன்னு கண்டுபிடிக்கும் முறை இது. பூவிதழிலிருந்து கொஞ்சமே கொஞ்சம் சாயம் எடுத்து ஆராயப் போகிறவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கோவைக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

1930-ல் நாடு திரும்பியவர், கோவை வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் மண் பகுப்பாய்வாளராகச் சில ஆண்டுகள் வேலை பார்த்தார். இன்றைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வளர்ந்தது அந்த வளாகத்தில்தான்.

அங்கிருந்து வால்டேரில் இருந்த ஆந்திரப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1930களின் நடுவில் அவரும் மாணவர் நீலகண்டமும் பருத்திப் பூக்களின் நிறமிகளைப் பற்றித் தொடர் கட்டுரைகள் எழுதினர். அதில் அவர்கள் எடுத்துக்கொண்ட ரகங்களில் ஒன்று கம்போடியா பருத்தி. கொங்கு விவசாயிகளுக்கு நல்லாவே தெரிந்த பெயர்!

பூவில் என்ன கண்டுபிடித்தார்?

செடிகளில் இருக்கும் ஃபிளாவனாய்டு எனப்படும் நிறமிகள்தான் அவருடைய வாழ்நாள் பாடம். வெங்காயத்தில் இருக்கும் குவர்செட்டினும், பருத்திப் பூவில் இருக்கும் கோசிபெட்டினும் இந்தக் குடும்பம்தான். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு ஆக்சிஜன் அணு.

அந்த ஆக்சிஜனை ஆய்வகத்தில் சரியான இடத்தில் சேர்க்கும் நியூக்ளியர் ஆக்சிடேஷன் முறையை அவர் குழு விரிவாகப் பயன்படுத்தியது. பெயரைப் பார்த்து அணுசக்தின்னு நினைச்சிடாதீங்க. மூலக்கூறின் பென்சீன் வளையத்தைத்தான் இங்கே நியூக்ளியஸ் என்கிறார்கள். ஆய்வகத்தில் நடப்பது போலவே செடிக்குள்ளும் ஒரு நிறமி இன்னொன்றாக மாறலாம் என்பது அவர் முன்வைத்த விளக்கம். புங்கம், லைக்கன் என்று ஆராய்ச்சி விரிந்துகொண்டே போனது.

இரண்டாம் உலகப் போரின்போது ஆந்திரப் பல்கலைக்கழகம் குண்டூருக்கு இடம் மாற வேண்டியிருந்தது. அதன் பிறகும் ஆராய்ச்சி தொடர்ந்தது. 1949-ல் டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறைத் தலைவரானார். 1960-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1963-ல் பத்ம பூஷண், 1967-ல் இந்திய அறிவியல் மாநாட்டுத் தலைவர். 1975 செப்டம்பர் 27 அன்று காலமானார்.

சைட்டேஷன் கணக்கு என்ன சொல்லும்?

ஒரு கட்டுரையை மற்ற ஆய்வாளர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதுதான் சைட்டேஷன். இதை முறையாக எண்ணும் சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ் வந்தது 1964-ல். எச்-இண்டெக்ஸ் வந்ததோ 2005-ல். ஒருவருடைய 10 கட்டுரைகள் தலா 10 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால், அவர் எச்-இண்டெக்ஸ் 10. அவ்வளவுதான்.

சேஷாத்ரி இறந்து 30 ஆண்டு கழித்து வந்த அளவுகோல் இது. அவருடைய தொடக்ககாலக் கட்டுரைகள் பல, சி.வி. ராமன் 1934-ல் தொடங்கிய இந்திய அறிவியல் கழகத்தின் இதழில் வெளியானவை. வெளிநாட்டு இதழ்களுக்கு மட்டும் அனுப்பாமல், புதிதாகத் தொடங்கிய நம்ம ஊர் இதழை அவர் போன்றவர்கள்தான் வளர்த்தார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு கண்டுபிடிப்பு பாடப்புத்தகத்துக்குள் போய்விட்டால், அதற்கப்புறம் யாரும் மூலக் கட்டுரையைக் குறிப்பிடுவதில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயமாகிவிட்டால் சைட்டேஷன் குறையும்!

எண்ணில் வராதது எது?

1,000 கட்டுரை என்றால், 50 ஆண்டுக்கு சராசரியாக வருஷத்துக்கு 20. தனி ஆளாக யாராலும் முடியாது. அவரிடம் பிஎச்டி முடித்தவர்கள் 150-க்கும் மேல். எல். ராமச்சந்திர ராவ், எஸ். ரங்கசாமி போன்ற மாணவர்கள் பின்னர் தாங்களே பேராசிரியர்களாகி, அடுத்த தலைமுறையை உருவாக்கினார்கள்.

இன்று கல்லூரித் தரவரிசையில் கட்டுரைக்கும் சைட்டேஷனுக்கும் மதிப்பெண் இருக்கிறது. அந்த எண் தேவைதான். ஆனா பிள்ளையை ஆராய்ச்சிப் படிப்பில் சேர்க்கும்போது, கைடுக்கு எச்-இண்டெக்ஸ் எவ்வளவுன்னு கேட்பதோடு நிறுத்த வேண்டாம். அவரிடம் படித்தவர்கள் இப்போ எங்கே இருக்கிறார்கள்னும் ஒரு வார்த்தை கேளுங்க.