கைகாட்டி கண்ட ஷாப்பே

போர்முனையிற் படும் செய்தியைத் தலைநகரம் அன்றே அறிதற்கு வழி கண்டவர் பிரான்ஸு தேசத்துக் கிளாடு ஷாப்பே ஆவர். 1763ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புத் திருநாளன்று புரூலோன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். இவருடைய சிற்றப்பனார், வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைக் காண்பான் வேண்டி ஸைபீரியா வரை சென்ற வானநூலார். ஷாப்பே குருத்துவ நிலையில் இருந்தவர்; புரட்சியினால் அவ்வருவாயை இழந்து, சகோதரரோடு இம்முயற்சியிற் புகுந்தார்.

1791 மார்ச்சு 2ஆம் நாள் தம் ஊரினின்று ஏறத்தாழ 9 மைல் தொலைவிலுள்ள பார்ஸே என்னும் ஊர்க்கு, கடிகாரமும் கறுப்பு வெள்ளைப் பலகையும் கொண்டு செய்தி போக்கினார். பின்னர்ப் பாரிஸை அடுத்த பெல்வீலில் அவர் நிறுவிய கருவியை 1792இல் மக்கள் கூட்டம் சிதைத்தது. சிறையிலிருந்த மன்னனுக்கு அடையாளம் காட்டுகின்றார் என்பது அவர்கள் ஐயம். உயிர் தப்பியதே அரிது. ஆயினும் அவர் ஓய்ந்தாரல்லர். இருப்புப்பாதையோரத்தில் முன்னாளில் நின்ற கைகாட்டி மரத்தை நினைப்பிப்பதாய், நெடிய சட்டமொன்றின் இரு முனையிலும் கை பொருத்திய கருவியை அமைத்தார்.

நாடு முழுவதும் பரப்புமுன் அதனை ஆராய்தற்கு ஆட்சிமன்றம் மூவரை விடுத்தது. 1793 ஜூலை 12ஆம் நாள் பெல்வீல், எகூவான், ஸான் மார்த்தான் என்னும் மூன்றிடத்தே, 16 மைல் அளவில், ஒத்திகை நடந்தது. மூன்று என்ற எண்ணிலேதான் அதன் நுட்பம் உள்ளது என்பது என் கருத்து. இரண்டு நிலையமாயின், ஒருவன் காட்டுவதை மற்றொருவன் காண்பான் என்பது மட்டுமே புலனாகும். இடையில் ஒருவன் நின்று, பொருளறியாமலே, தொலைநோக்கியிற் கண்ட உருவைக் கண்டவாறே அடுத்தவனுக்குக் காட்டும்போதுதான் பிழை புகுமோ, தாமதம் நேருமோ என்பது தெரியும். அவ்வொரு நடு நிலையம் பின்னர் எழவேண்டிய இடைநிலையங்கள் அனைத்திற்கும் மாதிரியாயிற்று. செய்தி 11 நிமிடத்திற் சென்றது; மறுமொழி 9 நிமிடத்தில் மீண்டது. மூவரும் உடன்பட்டனர்.

அதன்மேல் பாரிஸிலிருந்து வடவெல்லையிலுள்ள லீல் நகர் வரை நிலையங்கள் எழுந்தன. 1794 ஆகஸ்டு இறுதியில் கொந்தே என்னும் கோட்டை ஆஸ்திரியரிடமிருந்து மீட்கப்பட்ட செய்தி அவ்வழியே மன்றத்தை எட்டியபோது உறுப்பினர் ஆரவாரித்தனர்.

கோடைப் பகலில் நிகழ்ந்த அவ்வொத்திகை, மூடுபனியும் இரவும் செய்யும் இடரை எங்ஙனம் காட்டும்? அவ்விரண்டும் கைகாட்டிக்கு இறுதிவரை பகையாயின. ஷாப்பேக்கோ வேறு பகையும் நேர்ந்தது. கண்டுபிடிப்பு எமதே எனச் சிலர் வழக்காடினர், நோயும் வருத்தியது. மனம் உடைந்து, 1805 ஜனவரி 23ஆம் நாள் பாரிஸில் தம் அலுவலகத்துக் கிணற்றில் வீழ்ந்து மாண்டார்.

சகோதரர் அப்பணியை ஏற்று நடத்தினர். கைகாட்டி வரிசைகள் எல்லைகளை நோக்கி மேலும் நீண்டு, 1850க்குப் பின் மின்தந்தி பரவியபோதே மறைந்தன.