ஓவியர்களுக்கு ஊர் அமைத்த பணிக்கர்

கே.சி.எஸ். பணிக்கர் 1911-ல் கோவையில் பிறந்தார். படம் வரைவதுதான் அவருக்கு உயிர். 1944-ல் சென்னையில் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். 1957-ல் அரசு ஓவியப் பள்ளியின் முதல்வரானார்.

அவரை ஒரு கவலை வாட்டியது. ஓவியம் கற்ற மாணவர்கள் வயிற்றுப்பாட்டுக்காக வேறு வேலைக்குப் போனார்கள். தூரிகையை மறந்தார்கள்.

அதற்கு ஒரு வழி பிறந்தது. மெழுகு தடவிச் சாயம் ஏற்றும் பாத்திக் துணிகளை மாணவர்கள் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தைச் சேர்த்து, ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் நிலம் வாங்கினார்கள். 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது.

கைத்தொழில் சோறு போட்டது. அதனால், மனம் விரும்பிய படங்களை அவர்கள் வரைய முடிந்தது.

1977-ல் பணிக்கர் மறைந்தார். அவர் அமைத்த ஊரில் இன்றும் ஓவியர்கள் வாழ்கிறார்கள்.