பிரிக்கவும் தெரியும், பூட்டவும் தெரியும்: ஜி.டி. நாயுடுவின் வாழ்க்கை

கோல சிலாங்கூர் - ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா என்று நம் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்களிடம் பேசினால், லயத்தில் ரேடியோ பழுது பார்க்கத் தெரிந்த ஒருவரைப் பற்றிக் கட்டாயம் சொல்வார்கள். பகலில் பால்மரம் வெட்டுவார். மாலையில் வாசலில் பாயை விரித்து, யாரோ கொண்டுவந்து கொடுத்த ரேடியோவைத் திறந்து வைத்திருப்பார். அவர் எங்கும் படித்தவரில்லை, கையில் சான்றிதழும் கிடையாது. ஆனால் ரேடியோ மறுபடியும் பாடும்.

இன்று அந்த ரேடியோவின் இடத்தில் பழைய கணினி இருக்கிறது. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை காலத்தில் பிள்ளைகள் வீட்டிலிருந்து படிப்பதற்காக வாங்கிய மடிக்கணினிகள் பல, அலமாரி மேல் தூசு படிந்து கிடக்கின்றன. அவற்றைத் தூக்கிப் போடுவதற்கு முன், கோயம்புத்தூரில் வாழ்ந்த ஒரு மனிதரின் கதையை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்தான் இந்தியாவின் எடிசன் என்று பலரும் அழைத்த ஜி.டி. நாயுடு.

பள்ளி பிடிக்கவில்லை

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் தேதி, கோயம்புத்தூருக்கு அருகே உள்ள கலங்கல் கிராமத்தில், தெலுங்கு பேசும் விவசாயக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. தொடக்க வகுப்புகளோடு படிப்பு நின்றது. ஆனால் புத்தகத்தின் மீது அவருக்கு வெறுப்பு இல்லை. வயலில் வேலை செய்துகொண்டே கிடைத்ததை எல்லாம் தானாகப் படித்தார்.

இளைஞராக இருந்தபோது, வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வருவதைப் பார்த்தார். அது இங்கிலாந்தில் தயாரான ரட்ஜ் வண்டி. மாடும் குதிரையும் இழுக்காமல் ஒரு வண்டி தானாக ஓடுவது எப்படி என்ற கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை.

அதை வாங்கப் பணம் இல்லை. கோயம்புத்தூருக்குப் போய் ஓர் உணவகத்தில் பரிமாறுபவராக வேலைக்குச் சேர்ந்தார். காசைச் சேர்த்துச் சேர்த்து, சில நூறு ரூபாய் கொடுத்து மோட்டார் சைக்கிளை வாங்கினார். ஓட்டிப் பார்த்ததோடு அவர் நிறுத்தவில்லை. வண்டியை முழுவதுமாகப் பிரித்துப் போட்டார். எந்தப் பாகம் எதை அசைக்கிறது என்று பார்த்துப் பார்த்து, மறுபடியும் பூட்டினார். அன்றிலிருந்து அவர் ஒரு மெக்கானிக்.

பிரிப்பது யாருக்கும் முடியும். சின்னப் பிள்ளை கூட பொம்மையைப் பிரித்துவிடும். திரும்பப் பூட்டி ஓட வைக்க வேண்டும் என்றால், ஒவ்வொரு திருகாணியும் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பது புரிந்திருக்க வேண்டும். நாயுடு படித்த பள்ளிக்கூடம் அந்த மோட்டார் சைக்கிள்தான்.

ஒரு பேருந்தும் பல கருவிகளும்

இடையில் பருத்தி வியாபாரத்தில் இறங்கி, பம்பாயில் பெரும் பணத்தை இழந்தார். அதன்பிறகு 1920இல், கோயம்புத்தூரில் தொழில் நடத்திவந்த ஸ்டேன்ஸ் துரையின் உதவியோடு ஒரு பேருந்தை வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதை அவரே ஓட்டினார். அந்த ஒற்றைப் பேருந்து வளர்ந்து, யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யு.எம்.எஸ்., என்ற பெரிய நிறுவனமானது.

வண்டி நின்றால் வருமானமும் நின்றுவிடும். அதனால் பழுது பார்ப்பது அவருக்கு வெறும் பொழுதுபோக்காக இல்லாமல் பிழைப்பாகவும் ஆனது. அந்தக் கை பிறகு வேறு கருவிகளையும் தொட்டது. உலர் மின்கலத்தில் ஓடும் சின்ன மோட்டார் பொருத்திய ராசன்ட் என்ற சவரக் கருவி, மிக மெல்லிய பிளேடு, திரைப்படக் கேமராவுக்குத் தூரம் சரிசெய்யும் கருவி, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, மோசடி செய்ய முடியாத வாக்குப்பதிவு இயந்திரம் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது.

1936இல் லண்டனில் நடந்த மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் இறுதி ஊர்வலத்தை அவரே கேமராவில் படம் பிடித்தார். 1937இல் டி. பாலசுந்தரத்தோடு சேர்ந்து, இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டாரைக் கொண்டுவந்தார்.

1941இல் அவர் செய்த அறிவிப்பு நமக்கு முக்கியமானது. ஐந்து வால்வு கொண்ட ரேடியோவை இந்தியாவிலேயே 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்றார். டிரான்சிஸ்டர் வருவதற்கு முந்திய காலம் அது. பல்பு போல ஒளிரும் கண்ணாடி வால்வுகள்தான் அலையைப் பிடித்து ஒலியைப் பெருக்கின. வசதி உள்ளவர் வீட்டுப் பொருளாக இருந்த ரேடியோவைச் சாதாரணக் குடும்பத்துக்கும் கொண்டுபோக வேண்டும் என்பதே அவர் எண்ணம்.

கதவுகள் மூடியபோது

அவர் நினைத்ததெல்லாம் நடந்துவிடவில்லை. தேர்தலில் நின்று தோற்றார். 1952இல் இரண்டு பேர் அமரக்கூடிய பெட்ரோல் காரை 2,000 ரூபாய் விலையில் உருவாக்கினார். அரசாங்கம் உரிமம் தரவில்லை. தயாரிப்பு அதோடு நின்றது.

கல்வியிலும் அவருக்கு மோதல்தான். 1944இல் மோட்டார் தொழிலிலிருந்து விலகி, அறப்பணியில் இறங்கினார். அவருடைய நன்கொடையால் 1945இல் கோயம்புத்தூரில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பப் பயிலகமும் பொறியியல் கல்லூரியும் தொடங்கின. அந்தக் கல்லூரிதான் இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி. அதற்கு முதல்வராக இருந்த நாயுடு, நான்கு ஆண்டுப் படிப்பு மாணவர்களின் காலத்தை வீணாக்குகிறது, இரண்டு ஆண்டு போதும் என்று வாதாடினார். பிரிட்டிஷ் அரசு ஏற்கவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார்.

அவர் சொன்னதை முழுவதும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. பாலம் கட்டுகிறவருக்குக் கணக்கும் வேண்டும், காலமும் வேண்டும். ஆனால் கையால் தொட்டுக் கற்பது, புத்தகத்தில் கற்பதைவிடத் தாழ்ந்ததில்லை என்று அவர் சொன்னது இன்றும் பொருந்தும். எஸ்.பி.எம். தேர்வில் சரியாகச் செய்யாத நம் பிள்ளைகளைத் தொழிற்பயிற்சிக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர் இதை யோசிக்கலாம்.

1967இல் தம் தொழில் கண்காட்சியைக் கோயம்புத்தூரில் நிறுவிய நாயுடு, 1974 ஜனவரி 4ஆம் தேதி காலமானார். அவர் சேர்த்த பொருள்களை அவினாசி சாலையில் உள்ள அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம்.

அலமாரியில் உள்ள கணினி

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. புதிய பதிப்பை ஏற்காத பல கணினிகள் குப்பைக்குப் போகும் நேரம் இது. ஆனால் அவற்றில் பல கெட்டுப் போனவை அல்ல. இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போன்றவற்றைப் போட்டால், பாடம் படிக்கவும் கட்டுரை எழுதவும் தாராளமாக ஓடும்.

ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தேதி பின்னால் போகிறதா? தாய்ப்பலகையில் உள்ள காசு வடிவ பேட்டரியை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். சில ரிங்கிட்தான். கொஞ்ச நேரத்தில் சூடாகி அணைந்துவிடுகிறதா? விசிறியில் அடைத்த தூசியை முதலில் பாருங்கள். மெதுவாக ஓடுகிறதா? பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. பொருத்தலாம்.

திறப்பதற்கு முன் மின்சாரத்தைத் துண்டித்துவிடுங்கள். மடிக்கணினியாக இருந்தால் முதலில் அதன் பேட்டரியின் இணைப்பைக் கழற்றுங்கள். மேசைக் கணினியின் மின்வழங்கிப் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். மற்றபடி, எந்தத் திருகாணி எங்கிருந்து வந்தது என்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துத் திறந்து பாருங்கள். பூட்டும் வேலையை அவர்களிடமே கொடுங்கள்.