முடியும் மக்களும்

மன்னனுக்கு மக்கள் ஏன் கீழ்ப்படிய வேண்டும்? 17-ஆம் நூற்றாண்டில், இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் மூண்ட காலத்தில், தாமஸ் ஹாப்ஸ் என்னும் அறிஞர் இவ்வினாவுக்கு விடை தேடினார். உயிரைக் காத்துக்கொள்ளும் பொருட்டு மக்கள் தமக்குள் ஒப்பந்தம் செய்து, முழு அதிகாரத்தையும் ஒரு தலைமையிடம் ஒப்படைத்தனர் என்பது 1651-இல் வெளிவந்த அவருடைய 'லெவியாதன்' நூலின் சாரம். காக்கும் ஆற்றல் உள்ளவரையே அவ்வதிகாரம் நிற்கும் என்றும் அவர் வரம்பு கட்டினார். பின்வந்த ஜான் லாக், குடிகளின் இசைவே ஆட்சிக்கு அடிப்படை என்றார். இக்கொள்கைகள் நாம் வாழும் ஐதராபாத்திலேயே ஒரு மனிதரின் வாழ்வில் சோதிக்கப்பட்டன. அவர்தாம் 7-ஆம் நிஜாம், மீர் உஸ்மான் அலி கான்.

1886-இல் பிறந்த அவர், தந்தை மஹபூப் அலி கான் மறைந்ததும் 1911-இல் அரியணை ஏறினார். 82,000 சதுர மைலுக்கு மேற்பட்ட நாடு அது. சொந்த நாணயமும் சொந்த அஞ்சலும் உடையது. 1908-இல் மூசி ஆறு பெருகி நகரை அழித்திருந்தது. அத்துயரம் மீண்டும் நேராதிருக்க உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் என்னும் நீர்த்தேக்கங்கள் அவர் ஆட்சியில் எழுந்தன. 1918-இல் நிறுவிய உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் அறிவியலும் மருத்துவமும் உருது மொழியில் கற்பிக்கப்பட்டன. அறிவியல் மாணவனாகிய எனக்கு இது பெருவியப்பு. ஆனால், குடிகளுள் பெரும்பாலோர் பேசியவை தெலுங்கும் மராத்தியும் கன்னடமும் அல்லவா? அவர்களைக் கேட்டவர் எவர்?

நிஜாமுக்கும் மேலே ஒரு முடி இருந்தது. நான் வசிக்கும் மல்காஜ்கிரிக்கு அண்மையில், பொலாரத்தில் ஆங்கில ரெசிடெண்டின் மாளிகை. செகந்திராபாத்தில் ஆங்கிலப் படை. பேராரைத் திரும்பக் கேட்டுத் தம்மை ஆங்கிலேயருக்கு நிகராகக் கூறிய நிஜாமுக்கு, ஆங்கில முடியின் இறைமையே மேலானது என 1926-இல் வைஸ்ராய் ரீடிங் பிரபு மறுமொழி விடுத்தார்.

1947-இல் ஆங்கிலேயர் வெளியேறியபோது, இறைமை தம்மிடமே திரும்பியதாக நிஜாம் கருதினார். மக்களிடம் திரும்பியது என்று அவர் எண்ணவில்லை. தெலுங்கானாவில் 1946 முதலே உழவர் போராட்டம் எரிந்துகொண்டிருந்தது. காசிம் ரஸ்வியின் ரசாக்கர்கள் ஊர்களைச் சூறையாடினர். அவர்களை அடக்க மன்னரால் இயலவில்லை. காக்கும் ஆற்றல் அன்றே போயிற்று. 1948 செப்டம்பர் 13-இல் இந்தியப் படை நுழைந்தது. 17-இல் நிஜாம் பணிந்தார். அதன்பின் முஸ்லிம் மக்கள் பல்லாயிரவர் கொல்லப்பட்டதையும் மறைத்தல் அறமாகாது. காக்கும் கடமை புதிய ஆட்சிக்கும் உரியதன்றோ?

1949 நவம்பரில், இந்திய அரசியலமைப்பை ஏற்று நிஜாம் ஆணை பிறப்பித்தார். மக்களின் விருப்பமே இறுதி முடிவு என்பதை அவ்வாணை ஒப்புக்கொண்டது. அவருடைய ஆணைகள் அனைத்திலும் இதுவே பெரிது என்பேன். 1950 முதல் 1956 வரை ராஜப்பிரமுகராக இருந்து, 1967-இல் மறைந்தார்.

2019 பொதுத்தேர்தலில் இந்தியாவிலேயே மிகுதியான வாக்காளர்களைக் கொண்டிருந்த தொகுதி மல்காஜ்கிரி. அவர்கள் 31 லட்சத்துக்கும் மேற்பட்டோர். ஒருவர் தலையில் இருந்த முடி இத்தனை பேர் கைக்கு வந்துள்ளது. நண்பர்களே, பிழைப்புக்காகவும் படிப்புக்காகவும் இங்கு வந்த நாமும் அதில் பங்குடையோம். கேட்கப்படாத குடிகளாக நாம் மீண்டும் ஆகாதிருப்பது நம் விழிப்பைப் பொறுத்தது.