தள்ளிவிட்டவர்களுக்கும் பணிசெய்த போதகர்



யாருக்காக உழைத்தீர்களோ அவர்களே உங்களை வேண்டாமென்று ஒதுக்கினால் என்ன செய்வீர்கள்? அமெரிக்காவின் புகழ்பெற்ற சீர்திருத்தசபைப் போதகரான ஜொனதன் எட்வேர்ட்ஸின் வாழ்வை இக்கேள்வியோடு நோக்குங்கள்.

1703ஆம் ஆண்டு, அன்று பிரித்தானியக் குடியேற்றமாயிருந்த கனெக்டிக்கட்டில், போதகர் ஒருவரின் 11 பிள்ளைகளுள் ஒரே ஆண்மகனாக அவர் பிறந்தார். 13 வயது நிறையுமுன்பே யேல் கல்லூரியில் சேர்ந்தார். 1729இல் தம் பாட்டனார் சொலமன் ஸ்டொடார்ட் மறைந்ததும், நோர்தாம்ப்டன் சபையின் முழுப்பொறுப்பும் அவருடையதாயிற்று. 1734-35இல் அவருடைய மறையுரைகளால் அவ்வூரில் பெரும் ஆன்மிக எழுச்சி உண்டாயிற்று.

ஆயினும் ஆண்டவரின் திருவிருந்தே பிணக்குக்குக் காரணமாயிற்று. நன்னடத்தையுள்ள யாவரும் அதில் பங்குகொள்ளலாம் என்பது பாட்டனாரின் வழக்கம். உள்ளத்தில் விசுவாசம் கொண்டு அதை வெளிப்படையாக அறிக்கையிடுவோரே அணுகவேண்டும் என்றார் பேரன். சபையார் சினமுற்றனர். 1750 ஜூனில் அவரை நீக்குவதற்கு 200க்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர். அவர் பக்கம் நின்றோர் 23 பேரே.

அவர் பழிதூற்றவில்லை. வேறு போதகர் கிடைக்காதபோது அதே மக்கள் அவரையே அழைத்தனர்; சில மாதங்கள் அங்கேயே மறையுரை ஆற்றினார்.

1751இல் எல்லைப்புற ஊரான ஸ்டொக்பிரிட்ஜில் மொஹிக்கன் பழங்குடியினரிடையே பணியேற்றார். அம்மக்களுக்கான பாடசாலைப் பணத்தைத் தன்னலத்திற்குப் பயன்படுத்தியோரை எதிர்த்து நின்றார். மனித சித்தத்தின் சுதந்திரம் பற்றிய தமது பெருநூலை அங்கிருந்தே 1754இல் வெளியிட்டார்.

எனினும், அவர் அடிமைகளை உடைமையாக வைத்திருந்தார் என்பதை மறைத்தல் ஆகாது. பிறர் உள்ளங்களை ஆராய்ந்தவருக்குத் தம் இல்லத்தில் இருந்த அநீதி புலப்படவில்லை.

1757இல் அவருடைய மருமகனும் நியூ ஜேர்சிக் கல்லூரியின் தலைவருமான ஏரன் பர் காலமானார். இன்றைய பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் அக்கல்லூரியே. அப்பதவிக்கு அழைக்கப்பட்டபோது எட்வேர்ட்ஸ் தம் உடல்நலக் குறைவைச் சுட்டித் தயங்கினார். பின்னர் இணங்கி, 1758 பெப்ரவரியில் பொறுப்பேற்றார். சுற்றுப்புறத்தில் பெரியம்மை பரவியிருந்ததால், நோய்த்தடுப்புக்காக அம்மை குத்திக்கொண்டார். அதன் விளைவாகவே மார்ச் 22ஆம் திகதி, 54ஆவது வயதில் உயிர்நீத்தார். மனைவி சாரா அப்போது ஸ்டொக்பிரிட்ஜிலேயே இருந்தார். இறுதி விடைபெறலும் இயலவில்லை.

அன்பர்களே, நற்கருணைப் பந்தியை நோக்கி நடக்கும்போது எத்தகைய உள்ளத்தோடு செல்கிறீர்கள்? உங்களைப் புண்படுத்திய ஒருவருக்கு இவ்வாரம் உதவி தேவைப்பட்டால் முன்வருவீர்களா? உங்கள் வீட்டில் வேலை செய்வோரை எவ்வாறு நடத்துகிறீர்கள்? ஞாயிறு திருப்பலிக்குச் செல்லுமுன் குடும்பமாய் அமர்ந்து, இவற்றைச் சிந்தித்துப் பாருங்கள்.