சொகுசும் வேணும், வேகமும் வேணும், விலையும் குறையணும்: ஜாகுவாரை உருவாக்கிய வில்லியம் லயன்ஸின் கதை

சொகுசு செடான் வாங்கப் போறவங்க பொதுவாக மூன்று விஷயங்களை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். குண்டும் குழியுமான சாலையில் உள்ளே இருப்பவருக்கு அலுங்காமல் இருக்குமா? அதுதான் ரைடு. வளைவில் வேகமாகத் திருப்பினால் கார் சொன்ன பேச்சைக் கேட்குமா? அது ஹேண்ட்லிங். கடைசியாக, கொடுக்கிற காசுக்குத் தகுமா?

இந்த மூன்றும் ஒரே காரில் சேர்வது கஷ்டம். ஸ்பிரிங்கை மென்மையாக வைத்தால் பயணம் சுகமாக இருக்கும். ஆனால் வளைவில் கார் ஒரு பக்கமாகச் சாயும். இறுக்கமாக வைத்தால் வளைவில் நிமிர்ந்து நிற்கும். ஆனால் சின்னப் பள்ளம்கூட இடுப்பில் தெரியும். இரண்டும் நன்றாக இருக்க வேண்டும் என்றால் விலை எகிறும்.

மூன்றையும் சேர்த்தே தீருவேன் என்று 50 ஆண்டுகள் பாடுபட்டவர் சர் வில்லியம் லயன்ஸ். அவர் பொறியியல் பட்டம் பெற்றவரும் இல்லை, ஓவியம் படித்தவரும் இல்லை.

யார் இந்த லயன்ஸ்?

1901-ம் ஆண்டு செப்டம்பர் 4-ம் தேதி, இங்கிலாந்தின் கடற்கரை நகரமான பிளாக்பூலில் பிறந்தார். அப்பா இசைக்கருவிக் கடை வைத்திருந்தார். பையனுக்கோ மோட்டார் சைக்கிள் மீதுதான் மோகம். மான்செஸ்டரில் கிராஸ்லி மோட்டார்ஸில் கொஞ்ச நாள் பயிற்சி, பிறகு ஊரிலேயே ஒரு கார் ஷோரூமில் விற்பனையாளர் வேலை.

பக்கத்தில் வில்லியம் வாம்ஸ்லி என்பவர் அலுமினியத் தகட்டில் அழகான சைடுகார் செய்துகொண்டிருந்தார். மோட்டார் சைக்கிளுக்குப் பக்கவாட்டில் பூட்டும் இருக்கைப் பெட்டி அது. இதை நிறையச் செய்தால் நிறைய விற்கலாம் என்று லயன்ஸுக்குத் தோன்றியது. 1922-ல் இருவரும் கூட்டுச் சேர்ந்து ஸ்வாலோ சைடுகார் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். முதலீடு, இரண்டு அப்பாக்களும் ஜாமீன் நின்று வங்கியில் வாங்கிக் கொடுத்த 1,000 பவுண்டு ஓவர்டிராஃப்ட். லயன்ஸுக்கு அப்போது வயது 21.

பார்க்க ஆயிரம், விலை முந்நூறு

அந்தக் காலத்தில் ஆஸ்டின் 7 என்ற சின்ன கார் பிரபலம். மலிவு, உறுதி; ஆனால் பார்க்கச் சாதாரணம். லயன்ஸ் 1927-ல் அதன் அடிச்சட்டத்தை வாங்கி, மேலே வளைவு நெளிவான பாடியைப் பொருத்தி, இரட்டை நிறத்தில் பெயின்ட் அடித்து 175 பவுண்டுக்கு விற்றார். லண்டனைச் சேர்ந்த ஹென்லிஸ் என்ற டீலர் ஒரே மூச்சில் 500 கார்களுக்கு ஆர்டர் கொடுத்தது. பிளாக்பூல் பட்டறை போதவில்லை. 1928-ல் கார் தொழிலின் மையமான கவென்ட்ரிக்கு நிறுவனம் இடம் மாறியது.

1931-ல் வந்தது எஸ்எஸ்1. நீண்ட மூக்கு, தாழ்ந்த கூரை. பார்த்தால் 1,000 பவுண்டு கார் மாதிரி இருந்தது. விலை 310 பவுண்டுதான். ஆனால் ஒரு குறை. தோற்றத்துக்கு ஏற்ற வேகம் அதில் இல்லை.

லயன்ஸ் அதை உணர்ந்திருந்தார். 1935-ல் வில்லியம் ஹெய்ன்ஸைத் தலைமைப் பொறியாளராகச் சேர்த்தார். இன்ஜினின் சக்தியைக் கூட்டும் பொறுப்பை ஹாரி வெஸ்லேக்கிடம் கொடுத்தார். அதே ஆண்டு லண்டன் மேஃபேர் ஹோட்டலில் புதிய செடானை அறிமுகம் செய்தபோது, விலை என்னவாக இருக்கும் என்று விருந்தினர்களையே ஊகிக்கச் சொன்னார். அவர்கள் சொன்ன விலையின் சராசரி 600 பவுண்டைத் தாண்டியது. உண்மையான விலையோ 400 பவுண்டுக்கும் கீழே. அந்தக் காரில்தான் முதன்முதலாக ஜாகுவார் என்ற பெயர் ஒட்டியது.

ஹிட்லரின் எஸ்எஸ் படையால் அந்த இரண்டு எழுத்துகளுக்குக் கெட்ட பெயர் வந்துவிட, 1945-ல் நிறுவனத்தின் பெயரே ஜாகுவார் ஆனது.

விலை எப்படிக் குறைந்தது?

மாயம் ஒன்றும் இல்லை. ஒரே பாகத்தைப் பல கார்களில் பயன்படுத்துவதுதான் அடிப்படை. போர்க்காலத்தில் குண்டுவீச்சால் தீப்பிடிக்கிறதா என்று பார்க்க, இரவுகளில் தொழிற்சாலையில் காவல் இருக்க வேண்டியிருந்தது. ஹெய்ன்ஸ் குழுவினர் அந்த இரவுகளில் புது இன்ஜினைப் பற்றிப் பேசினார்கள். அப்படி உருவான எக்ஸ்கே இன்ஜின் 1948-ல் ஸ்போர்ட்ஸ் காரில் அறிமுகமானது. பிறகு செடானிலும், லே மான் பந்தயக் காரிலும் அதே குடும்பத்து இன்ஜின்தான். அது உற்பத்தியில் இருந்தது 1992 வரை!

வடிவமைப்புக்கும் வெளியாள் இல்லை. லயன்ஸே செய்தார். அவருக்கு வரைய வராது. ஃபிரெட் கார்ட்னர் என்ற கைவினைஞரை வைத்து, முழு அளவில் மாதிரி செய்யச் சொல்வார். அதைத் தன் வீட்டு முன்பு நிறுத்தி, இயற்கை வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்துத் திருத்துவார்.

மூன்றாவது வழி, கறார். சப்ளையர்களிடம் பைசா பைசாவாகப் பேரம் பேசுவார். இதன் விளைவு பின்னால் தெரிந்தது.

மார்க் 2: எல்லோரும் கேட்ட செடான்

1955-ல் ஜாகுவார் 2.4 என்ற நடுத்தர அளவு செடான் வந்தது. அதன் பின்சக்கரங்களுக்கு இடையிலான அகலம் முன்சக்கரங்களைவிடக் குறைவு. அதனால் ஹேண்ட்லிங்கில் குறை சொன்னார்கள். 1959-ல் வந்த மார்க் 2-வில் அந்த இடைவெளியை 3 அங்குலத்துக்கும் மேல் கூட்டினார்கள். லே மான் பந்தயத்தில் 1953-ல் ஜாகுவாருக்கு வெற்றி தேடித் தந்த டிஸ்க் பிரேக், இதில் நான்கு சக்கரங்களுக்கும் வந்தது. பிரிட்டிஷ் போலீஸ் இந்தக் காரை ஓட்டியது. வங்கிக் கொள்ளையர்களும் இதைத்தான் தேடினார்கள். விற்பனை 80,000-ஐத் தாண்டியது.

நடுவில் பெரிய அடிகள் விழுந்தன. 1955 ஜூனில் லே மான் போகும் வழியில் கார் விபத்தில் லயன்ஸின் ஒரே மகன் ஜான் இறந்துபோனார். 1956-ல் சர் பட்டம் கிடைத்தது. 1957-ல் தீ விபத்து, தொழிற்சாலையின் கணிசமான பகுதியை எரித்தது. தொழில் நிற்கவில்லை. ஆனால் நிறுவனத்துக்கு அடுத்த வாரிசு யார் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் போனது.

எக்ஸ்ஜே6: மூன்றும் சேர்ந்த கார்

1968 செப்டம்பரில் வெளிவந்தது எக்ஸ்ஜே6. இதில் ரைடுக்கும் ஹேண்ட்லிங்குக்கும் உழைத்தவர் பாப் நைட் என்ற பொறியாளர். சக்கரம், சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் தனிச் சட்டத்தில் பொருத்தி, அந்தச் சட்டத்தை ரப்பர் வழியாகப் பாடியோடு இணைத்தார். சாலையின் சத்தமும் அதிர்வும் ரப்பரோடு நின்றுவிடும். பின்சக்கரங்கள் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே ஏறி இறங்கும். டன்லப் இதற்கென்றே அகலமான டயரை உருவாக்கித் தந்தது.

மெத்தை போன்ற ரைடும் ஸ்போர்ட்ஸ் கார் போன்ற ஹேண்ட்லிங்கும் ஒன்றாக வந்தன. அடிப்படை மாடலின் விலை 2,000 பவுண்டுக்கும் குறைவு. ரோல்ஸ் ராய்ஸ் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. காத்திருப்போர் பட்டியல் நீண்டது. ஓட்டிய காரையே புதுக்காரைவிட அதிக விலைக்கு வாங்கினார்கள்.

மலிவின் மறுபக்கம்

அந்த விலைக்கு ஒரு விலை இருந்தது. 2.8 லிட்டர் இன்ஜினில் பிஸ்டன் ஓட்டையாகும் பிரச்சினை வந்தது. மின்சாரக் கோளாறு, துரு என்று புகார்கள் குவிந்தன.

பாடி செய்து கொடுத்த பிரெஸ்ட் ஸ்டீல் நிறுவனத்தை 1965-ல் போட்டியாளரான பிஎம்சி வாங்கியது. பாடி வராவிட்டால் கார் இல்லை. வாரிசும் இல்லை. 1966-ல் லயன்ஸ் பிஎம்சியோடு இணைந்தார். 1968-ல் அது பிரிட்டிஷ் லேலண்டுக்குள் போனது. 1972-ல் லயன்ஸ் ஓய்வு பெற்ற பிறகு, தரம் இன்னும் சரிந்தது.

1980-ல் பொறுப்பேற்ற ஜான் ஈகன் குறைகளைப் பட்டியல் போட்டுப் பார்த்தார். அவற்றில் பெரும்பங்கு, வெளியிலிருந்து வாங்கிய பாகங்களால் வந்தவை. வாங்கும் விலையை மட்டும் பார்த்த பழக்கத்துக்கு வாடிக்கையாளர்தான் வொர்க்‌ஷாப் பில்லாகப் பணம் கட்டிக்கொண்டிருந்தார். சப்ளையர்களை ஈகன் திருத்தினார். ஜாகுவார் 1984-ல் மீண்டும் தனி நிறுவனமானது. அதைப் பார்த்துவிட்டு 1985 பிப்ரவரி 8-ம் தேதி, 83 வயதில் லயன்ஸ் மறைந்தார்.

இப்போது ஜாகுவார் யாரிடம்?

ஃபோர்டு கைக்குப் போய், 2008-ல் லேண்ட் ரோவருடன் சேர்த்து டாடா மோட்டார்ஸ் வாங்கியது. ஜாகுவார் லேண்ட் ரோவர் வாகனங்களுக்காக ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாடாவின் தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது.

செடான்களை ஒப்பிடுபவர்களுக்கு இந்தக் கதையில் பாடம் இருக்கிறது. ரைடும் ஹேண்ட்லிங்கும் அரை மணி நேர டெஸ்ட் டிரைவிலேயே தெரிந்துவிடும். காசுக்குத் தகுமா என்பது மட்டும் அப்படித் தெரியாது. ஐந்து வருஷ சர்வீஸ் செலவு, வாரன்டி, பாகங்கள் கிடைக்கும் வேகம், மறுவிற்பனை விலை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால்தான் அது தெரியும். ஷோரூம் விலையை வைத்து மட்டும் முடிவெடுத்தால், 1970-களில் ஜாகுவார் வாங்கியவர்கள் பட்ட பாடுதான்.